கிள்ளான் வெயிலில் சோதித்த ஹீட்டர்

குஷன் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, என்னைப் பார்க்கும்போதெல்லாம் நீங்கள் கேட்பது ஒன்றுதான்: ரெக்சினை எப்படி இழுத்தால் சுருக்கம் விழாது? அதை நான் சொல்லப்போவதில்லை. பத்து சீட்டைக் கெடுத்தால் பதினொன்றாவது தானாக வந்துவிடும், எனக்கு அப்படித்தான் வந்தது. நான் சொல்ல நினைப்பது என் கையால் மிக நன்றாகச் செய்த ஒரு வேலையைப் பற்றி. மோசமாகச் செய்த வேலைகளும் எனக்கு நிறைய உண்டு, அவற்றால் யார் உயிருக்கும் ஆபத்து வந்ததில்லை. நன்றாகச் செய்த இந்த ஒன்றுதான் ஒரு தாயையும் மகளையும் கொல்லப் பார்த்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நடந்தது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு சீன முதலாளியின், எங்கள் பேச்சில் தவுக்கேயின், கார் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன் ரயில் பெட்டிகளுக்கு சீட் தைத்தவன் நான், அந்தத் தலைக்கனம் கொஞ்சம் உண்டு. பட்டறையின் ஒரு ஓரம் என்னுடையது, மறு ஓரம் பிட்டருடையது. இன்ஜின், குழாய், கியர் எல்லாம் அவர் பொறுப்பு. பெயர் வேண்டாம், எழுதினால் இந்த வயதிலும் தேடி வந்து உதைப்பார். என்னைவிட ஆறு வயது சின்னவர், வாய் மட்டும் அறுபது வயது வாய். தொழிலில் நான் யாரிடமாவது பாடம் கற்றேன் என்றால் அந்தச் சின்னவரிடம்தான், அதுவும் திட்டு வாங்கிக்கொண்டு. எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. குஷனுக்கு வந்த வண்டியை அவர் தொடமாட்டார், இன்ஜினுக்கு வந்த வண்டியில் நான் உட்காரக்கூட மாட்டேன். சண்டை வராமல் இருக்க நாங்களே போட்டுக்கொண்ட கோடு அது.

ஒரு நாள் கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து ஒரு கிராணி வண்டி ஓட்டிக்கொண்டு வந்தார். தோட்டத்துக் கணக்கர்களில் மூத்தவர், நெற்றியில் விபூதி, சட்டைப் பையில் இரண்டு பேனா. சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் துரையிடமிருந்து பழைய கார் ஒன்றை வாங்கியிருந்தார். நான்கு கதவு, மூடிய கூரை, கண்ணாடி ஜன்னல்கள். நம் ஊர் வெயிலுக்கு அது அடுப்பு மாதிரி. ஆனால் அவர் வாங்கியதற்குக் காரணம் இருந்தது.

"வீட்டுல அவளுக்கு மலேரியா வந்து எலும்பும் தோலுமாப் போயிட்டா, தம்பி. மூணு மாசமா ராத்திரியில தூக்கமே கிடையாது. மச்சான் பிரேசர் மலை ஆஸ்பத்திரியில டிரஸ்ஸரா இருக்கான். ஒரு மாசம் மேல கொண்டுவந்து வையிங்க, நான் பாத்துக்கிறேங்கிறான். ஆனா அங்க மழையும் மூடுபனியுமா குளிர் நடுக்குமாம். இந்த உடம்போட அவ தாங்குவாளா?"

அதற்காக அவரே ஒரு ஏற்பாடு செய்திருந்தார். துரை பங்களாவில் கழித்துப்போட்ட ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில், பனி கொட்டும் நாட்டில் காருக்குள் சூடு வரவழைப்பது எப்படி என்று படம் போட்டிருந்ததாம். அந்தத் தாளைக் கிழித்து மடித்துப் பையில் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிக்குக் கீழே படுத்து, மண்ணெண்ணெய் டின்னை வெட்டி, சைலன்சருக்குப் போகும் சூடான குழாயைச் சுற்றி ஒரு பெட்டி அடித்திருந்தார். பின் சீட்டுக்கு முன்னால் தரைப் பலகையில் ஒரு ஓட்டை, அதற்கு பிஸ்கட் டின் மூடியில் ஒரு கதவு. கதவைத் திறந்தால் பெட்டியிலிருக்கும் சூட்டுக் காற்று காலடிக்கு வரும். எனக்கு அதைத் திறந்து மூடிக் காட்டும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே!

"சோதிச்சுப் பாத்தீங்களா, ஐயா?" என்று கேட்டேன்.

"பாக்காம இருப்பேனா? கிள்ளான் ரோட்டுல நாலு தடவை ஓட்டினேன். மகளைப் பின்னால உக்கார வச்சேன். கால் வெந்துபோச்சுப்பான்னு கத்திட்டா!" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். கிள்ளான் வெயிலில் ஹீட்டர் போட்டு ஓட்டினால் யார்தான் கத்தமாட்டார்கள்? நான்கு ஜன்னலையும் இறக்கிவிட்டு, புழுக்கம் தாங்காமல் முகத்தை வெளியே நீட்டிக்கொண்டு சோதித்திருக்கிறார்கள். மலையில் அதே வண்டியை எல்லா ஜன்னலையும் ஏற்றிவிட்டு ஓட்டப்போகிறார்கள் என்பது அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. குளிரே தெரியாதவர்கள் குளிருக்குச் செய்த ஏற்பாடு அது.

என்னிடம் அவர் கேட்டது மூன்று. பின் சீட்டைச் சாய்ந்து படுக்கிற மாதிரி மெத்தென்று ஆக்க வேண்டும். தரைக்குப் புதுக் கம்பளி போட வேண்டும். கதவு, ஜன்னல் இடுக்கெல்லாம் காற்றுப் புகாமல் அடைக்க வேண்டும். அடைப்பதற்குத் தோட்டத்து ரப்பர் ஷீட்டையே ஒரு சுருள் கொண்டுவந்திருந்தார். அதை நாடா நாடாவாக வெட்டிக் கதவு ஓரமெல்லாம் ஒட்டினேன். கூரைத் துணிக்கு அடியில் பஞ்சு, கதவுப் பலகைக்குப் பின்னால் கம்பளி. முடித்துவிட்டு ஒரு பீடியைப் பற்றவைத்து ஒவ்வொரு இடுக்காகக் காட்டிப் பார்த்தேன். புகை அசையவே இல்லை. ரயில் பெட்டியில்கூட அப்படி ஒரு அடைப்பு நான் செய்ததில்லை. பசை நாற்றம் போகட்டும் என்று சீட்டுக்கு அடியில் ஒரு கற்பூர முடிச்சும் கட்டினேன். என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

இப்போது நான் செய்த தப்புக்கு வருகிறேன். பழைய தரைக் கம்பளியை உரித்தபோது அந்த ஓட்டையைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம் படிந்திருந்தது. விரலால் தொட்டால் ஒட்டியது. கம்பளியைச் சுருட்டி என் பலகைக்கு அடியில் எறிந்தேன். தரைப் பலகையை மண்ணெண்ணெய் துணியால் பளபளவென்று துடைத்தேன். அதன்மேல் புதுக் கம்பளியை விரித்து, ஓட்டைக்கு அழகாக விளிம்பு தைத்தேன். குஷன்காரன் கண்ணுக்கு அழுக்கு என்றால் அழுக்குதான். அது எங்கிருந்து வந்தது என்று கேட்பது எனக்கு எதிர் ஓரத்து வேலை.

மறுநாள் காலை கிராணி மனைவியோடும் ஏழு வயது மகள் சரோஜாவோடும் வந்து வண்டியை எடுத்தார். அந்த அம்மா சால்வைக்குள் ஒரு பிடிதான் இருந்தார். கைக்குட்டையில் யூகலிப்டஸ் தைலம் தெளித்து மூக்கில் வைத்திருந்தார். புதுச் சீட்டில் சாய்ந்ததும், "மெத்தை மாதிரி இருக்கு, தம்பி. இதுல தூக்கம் வரும்போல இருக்கு" என்றார். எனக்குக் காது குளிர்ந்தது. ரவாங்கில் உறவுக்காரர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு மலைக்குப் போகிறோம் என்று சொல்லிக் கிளம்பினார்கள்.

அவர்கள் போய் ஒன்றரை மணி நேரம் இருக்கும். பிட்டர் ஒரு லோரிக்கு அடியில் போக முட்டிக்குக் கீழே போட ஏதாவது தேடி, என் பலகைக்கு அடியிலிருந்த பழைய கம்பளியை இழுத்து விரித்தார். விரித்தவர் அப்படியே நின்றார்.

"அண்ணே, இது எந்த வண்டியில இருந்துச்சு?"

"கிராணி வண்டி."

"எந்த இடத்துல?"

"ஹீட்டர் ஓட்டையைச் சுத்தி. ஏன் லா?"

அவர் வளையத்தைத் தேய்த்து மோந்து பார்த்தார். "இது சைலன்சர் கரி. குழாய் எங்கயோ ஓட்டையாயிருக்கு. அந்த டின் பெட்டிக்குள்ள சூட்டுக் காத்து மட்டும் வரல, இன்ஜின் புகையும் வருது. நீ இதைப் பாத்தியா?"

"பார்த்தேன். துடைச்சுட்டேன்."

அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "மூடுன ஷெட்டுல இன்ஜினை ஓடவிட்டு வேலை பாத்த ஒருத்தனை நான் தூக்கியிருக்கேன், அண்ணே. தூங்குற மாதிரியே இருந்தான்" என்றார்.

அந்த நேரத்தில் என் மனம் போன போக்கை மறைக்கப்போவதில்லை. ஒன்றும் ஆகாது, நாற்றம் வந்தால் ஜன்னலைத் திறப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உடனே தைலக் கைக்குட்டையும் நான் கட்டிய கற்பூர முடிச்சும் ஞாபகம் வந்தன. அந்த வண்டிக்குள் எந்த நாற்றம் மூக்குக்குத் தெரியும்? பிட்டர் அதற்குள் பட்டறையின் திறந்த காரை உருட்டிக் கிளப்பியிருந்தார். துணிக்கூரை மட்டும் உள்ள பழைய வண்டி. தவுக்கேயிடம் வழியிலிருந்தே கத்திச் சொல்லிவிட்டுப் போனோம்.

ரவாங்கில் உறவுக்காரர் வீட்டைக் கேட்டுப் பிடித்தோம். "அவங்க போயி ஒரு மணி நேரத்துக்கு மேல இருக்குமே" என்றார்கள். மழை பிடித்துக்கொண்டது. ஆனால் அந்த மலைப்பாதை ஞாபகம் வந்ததும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. பிரேசர் மலைக்குப் போகும் பாதை தெரிந்தவர்களுக்குத் தெரியும். கடைசி ஐந்து மைல் ஒற்றை வண்டி போகும் அகலம்தான். அடியில் ஒரு கேட் உண்டு. குறிப்பிட்ட நேரத்தில் ஏற விடுவார்கள், மற்ற நேரத்தில் இறங்குகிற வண்டிக்கு வழி.

"கேட்டுல எப்படியும் நிப்பாங்க. அங்க பிடிச்சிடலாம்" என்றேன்.

பிட்டர் முன் கண்ணாடியில் வழிந்த மழையைக் கையால் துடைத்தார். பிறகு, "நிப்பாரு சரி. இன்ஜினை அணைப்பாரா?" என்று கேட்டார்.

மழை, குளிர், பின்னால் நோயாளி. ஹீட்டர் வேண்டுமென்றால் இன்ஜின் ஓட வேண்டும். வண்டி ஓடும்போதாவது எங்கிருந்தாவது காற்று கொஞ்சம் புகும். நின்ற வண்டியில், நான் அடைத்த அடைப்பில், எதுவும் புகாது. அவர்களைப் பிடிக்க வழி என்று நான் சந்தோஷப்பட்ட இடத்தில்தான் அவர்களுக்கு உண்மையான ஆபத்து இருந்தது.

குவாலா குபு வந்ததும் பிட்டர் பிரேக் போட்டார். எதிரே போலீஸ் நிலையம். எனக்குக் கோபம் வந்தது. "நிக்காத, போ! இனிமே ஒரு நிமிஷம்கூட வீணாக்கக் கூடாது!"

"அண்ணே, மேல போக நமக்கு முக்கால் மணி ஆகும். கேட் பக்கத்து ஓய்வு விடுதியில டெலிபோன் இருக்கு. இறங்கு."

தம்பிகளே, அவசரத்தில் கால் ஓடத்தான் துடிக்கும். நின்று யோசிக்கிறவனைப் பார்த்தால் எரிச்சல் வரும். அன்று அவர் நிறுத்தவில்லை என்றால் இந்தக் கட்டுரையை நான் எழுதியிருக்க மாட்டேன்.

உள்ளே ஒரு மலாய் சார்ஜன்ட் உட்கார்ந்திருந்தார். நனைந்த இரண்டு தமிழர்கள் ஓடிவந்து, ஒரு காரை நிறுத்தச் சொல்கிறார்கள். அவர் சந்தேகப்பட்டது நியாயம்தான். என்ன தகராறு, அந்தக் கார்க்காரர் உங்களுக்கு என்ன கெடுதல் செய்தார் என்று நிதானமாகக் கேட்டார். பிட்டர் குழாய், புகை என்று விளக்க விளக்க அவர் முகம் இறுகியது. எனக்குத் தெரிந்தது கடைத்தெருவில் பேசும் பாசார் மலாய்தான். நான் மேஜையைப் பிடித்துக்கொண்டு என் நெஞ்சைத் தொட்டுச் சொன்னேன்: "சாயா பூஞ்ஞா சாலா, துவான்." என் தப்பு, ஐயா. "வண்டியை நான்தான் அடைத்தேன். உள்ளே ஒரு பெண்ணும் குழந்தையும் இருக்கிறார்கள். செத்துப்போவார்கள்." சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். தன்மேல் தானே பழி போட்டுக்கொண்டு எவனும் பொய் சொல்லமாட்டான் என்று நினைத்தாரோ என்னவோ, டெலிபோனைச் சுழற்றினார். ஓய்வு விடுதியில் யாரோ எடுத்தார்கள். கேட்டில் நிற்கும் காரின் எல்லாக் கதவையும் உடனே திற, உள்ளே இருப்பவர்களை வெளியே இழு என்று இரண்டு முறை சொன்னார். அந்தப் பக்கம் டெலிபோனை வைக்காமலே ஓடிவிட்டார்கள். பதிலுக்குக் காத்திருக்காமல் நாங்கள் கிளம்பினோம்.

அந்த முக்கால் மணி நேரத்தை எனக்கு விவரிக்கத் தெரியாது. வளைவு, வளைவு, மறுபடியும் வளைவு. துணிக்கூரை ஒழுகியது. "இதுல தூக்கம் வரும்போல இருக்கு" என்று அந்த அம்மா சொன்னது மட்டும் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

கேட் தெரிந்தது. கிராணியின் கார் நான்கு கதவும் விரியத் திறந்தபடி மழையில் நின்றது. ஓய்வு விடுதியின் தாழ்வாரத்தில் அந்த அம்மா தூணில் சாய்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். வாந்தி எடுப்பதைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டது என் வாழ்நாளில் அந்த ஒரு முறைதான். விடுதியின் சீனச் சமையல்காரர் சரோஜாவை மடியில் போட்டு விசிறிக்கொண்டிருந்தார். அவள் கண் திறந்திருந்தது, ஆனால் பேசவில்லை. அவள் விரலை நான் தொட்டேன். மெதுவாக மடக்கி என் விரலைப் பிடித்தாள்.

கிராணி படிக்கட்டில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஓட்டும்போது கை காட்டுவதற்காகத் தன் பக்கத்து ஜன்னலை இறக்கி வைத்திருந்ததால் அவருக்குத் தலைவலி மட்டும்தான். கேட்டில் நின்றதும் இன்ஜினை அணைக்காமல் அந்த ஜன்னலையும் ஏற்றிவிட்டு, இறங்கிக் கேட்காரரோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறார்.

"ரெண்டு தடவை வந்து எட்டிப் பாத்தேன், தம்பி. ரெண்டு பேரும் நல்லாத் தூங்கிட்டு இருந்தாங்க. மூணு மாசமாத் தூங்காதவ தூங்குறாளேன்னு கண்ணு கலங்கிப்போச்சு. முழிச்சிடப் போறாளேன்னு கதவைச் சத்தம் போடாம மூடினேன்" என்றார்.

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கறுப்பு வளையத்தைப் பற்றிச் சொன்னேன். பார்த்தேன், துடைத்தேன், உங்களிடம் சொல்லவில்லை என்றேன். அவர் என் கையைப் பிடித்து, "டின் பெட்டியை அடிச்சவன் நான்ல" என்றார். இல்லை, அடைத்தவன் நான் என்றேன். அப்படியே இரண்டு பேரும் மாறி மாறிச் சொல்லி அழுதோம்.

"ரெண்டு பேரும் பழியைப் பங்கு போட்டு முடிச்சாச்சுன்னா அந்த அம்மாவுக்குச் சுடுதண்ணி வாங்கிட்டு வாங்க" என்றார் பிட்டர்.

மலைமேல் இருக்கும் கிராணியின் மச்சானை டெலிபோனில் பிடித்தோம். டிரஸ்ஸர் அல்லவா, பதறாமல் பேசினார். நல்ல காற்று படட்டும், அடுத்த ஏறும் நேரத்தில் மேலே கொண்டுவாருங்கள் என்றார். அந்த மூடிய காரில் அவர்களை ஏற்றப் பிட்டர் சம்மதிக்கவில்லை. எங்கள் திறந்த வண்டியில்தான் போக வேண்டும். அப்படியானால் குளிருக்கு என்ன செய்வது? சமையல்காரர் காலி பீர் பாட்டில்களில் கொதிநீர் ஊற்றி அடைத்துக் கொண்டுவந்தார். வெறும் கையில் பிடிக்க முடியவில்லை. நான் கத்தியை எடுத்துக்கொண்டு கிராணியின் வண்டிக்குள் ஏறினேன். நான் பார்த்துப் பார்த்துத் தைத்த தரைக் கம்பளியையும் கதவுக் கம்பளியையும் கிழித்தேன். ஒவ்வொரு பாட்டிலையும் சுற்றி நூல் கட்டினேன். அம்மாவின் காலுக்கு இரண்டு, மடிக்கு ஒன்று. சரோஜாவுக்கு ஒன்று, அதை அவள் பொம்மையைப் போல் அணைத்துக்கொண்டாள். கடைசியில் சூடு வந்தது அந்தப் பாட்டில்களிலிருந்துதான்.

கேட்காரர் ஏறலாம் என்று விசில் ஊதினார். பிட்டரும் கிராணியும் முன்னால். பின்னால் அம்மா, நடுவில் சரோஜா, ஓரத்தில் மழைக்கு மறைப்பாக நான். பிட்டர் கியரைப் போடக் கையை வைத்தபோது அந்தக் குழந்தை முதல் முறையாக வாய் திறந்தது.

"மாமா, இந்த வண்டியில தூங்கலாமா?"

நான் குனிந்து காலடிப் பாயைத் தூக்கினேன். பலகையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். முகத்தைத் தரையோடு வைத்து மோந்தேன். ஈர மரம், மழைக் காற்று, வேறு ஒன்றுமில்லை. ஒவ்வொரு இடுக்கிலும் விரலை வைத்துக் காற்று வருகிறதா என்று பார்த்தேன். மற்ற நாளாக இருந்தால் பிட்டர் என்னைக் கிழித்திருப்பார். அன்று கியரில் வைத்த கையை எடுத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்து காத்திருந்தார். கிராணியும் காத்திருந்தார், அந்த அம்மாவும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்பிகளே, பிறகு நான் எத்தனையோ வண்டிகளுக்கு வேலை செய்தேன். ஒவ்வொன்றையும் ஒப்படைக்கும் முன் அந்தக் குழந்தை கேட்டதை எனக்குள் ஒரு முறை கேட்டுக்கொள்வேன். நீங்களும் கேளுங்கள், பதில் சொல்ல அவசரப்படாதீர்கள். அன்று கேட்காரர் விசிலை ஊதிக்கொண்டே இருந்தார். நான் நிமிர்ந்து, "தூங்கு, தாயி" என்று சொன்ன பிறகுதான் பிட்டர் வண்டியை எடுத்தார்.